ஸ்பானிஷில் எம்.ஏ.: டெல்லியா, ஹைதராபாத்தா, ஸ்பெயினா?

ஸ்பானிஷ் மொழியிலும் பண்பாட்டிலும் எம்.ஏ. படிக்க நினைக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் முதலில் கேட்பது, “எந்த யுனிவர்சிட்டிங்க நல்லது?” என்பதுதான். கோவையில் ஸ்பானிஷ் வகுப்பு எடுக்கிறவன் என்பதால் எனக்கு இந்தக் கேள்வி பழகிப்போனது. சரி, பதில் சொல்லலாம். ஆனால் அதற்கு முன்னால் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். இன்றைக்கு உங்கள் ஸ்பானிஷ் எந்த மட்டத்தில் இருக்கிறது? படிப்பு முடிந்ததும் எந்த வேலைக்கு விண்ணப்பம் போடப் போகிறீர்கள்? இவை தெரியாமல் ஸ்பெயினின் சலமான்கா பல்கலைக்கழகத்தையும் டெல்லியின் ஜே.என்.யு.வையும் (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கட்டண விவரம் மட்டும்தான் கையில் மிஞ்சும்.

கொங்குப் பக்கத்தில் இந்த ஆசை வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஸாரா கடைகளை நடத்தும் இன்டிடெக்ஸ், ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் அர்தேய்ஷோ என்ற ஊரிலிருந்து இயங்குகிறது. மேங்கோ பார்சிலோனா பக்கத்துக் கம்பெனி. பனியன் தொழிலைத் தொட்டுப் பிழைக்கிற திருப்பூர்க் குடும்பங்களுக்கு இந்தப் பெயர்கள் புதிதில்லை. 20 நாடுகளில் ஆட்சிமொழி, ஐரோப்பாவிலும் அமெரிக்கக் கண்டத்திலும் செல்லுபடியாகும் மொழி என்று சொன்னால் யாருக்குமே ஆர்வம் வரும். ஆனால் மொழி தெரிந்திருப்பது வேறு, அந்த மொழியில் முதுகலைப் பட்டம் வாங்குவது வேறு. பையரிடமிருந்து, அதாவது துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, வரும் மெயில்கள் ஆங்கிலத்தில்தான் வருகின்றன. மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஸ்பானிஷ் எம்.ஏ. கேட்கிற எக்ஸ்போர்ட் கம்பெனியை நான் இதுவரை பார்த்ததில்லை.

முதலில் உங்கள் மட்டம்

ஐரோப்பிய அளவுகோலில் ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஏ1 ஆரம்பம், சி2 உச்சம். ஸ்பெயினில் மொழி, இலக்கியம் சார்ந்த எம்.ஏ.க்குப் பொதுவாகப் பி2 அல்லது சி1 கேட்பார்கள். இந்தியாவிலும் எம்.ஏ. வகுப்பு ஸ்பானிஷிலேயே நடக்கும். நாவலைப் படித்து ஸ்பானிஷிலேயே கட்டுரை எழுத வேண்டும் என்பதால் பி2-க்குக் கீழே இருந்தால் முதல் செமஸ்டரிலேயே மூச்சு முட்டும்.

அந்தப் பி2 எவ்வளவு தூரம்? அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளை ஸ்பானிஷில் வேலை பார்க்கும் அளவுக்குத் தயார் செய்ய 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் என்று கணக்கு வைத்திருக்கிறது. இது ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கு, முழு நேரப் பயிற்சியாக. கோவையில் சனி, ஞாயிறு மட்டும் இரண்டு இரண்டு மணி நேரம் வகுப்புக்கு வருகிறவருக்கு வருடத்தில் 200 மணி நேரம் தேறும். அப்படியானால் மூன்று வருடக் கணக்கு. “ஆறே மாதத்தில் பி2” என்று விளம்பரம் பார்த்தால் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள்.

தமிழ் பேசுகிறவருக்குச் சில இடங்கள் சுலபம். வந்தேன், வந்தாய் என்று வினைமுற்றே ஆளைக் காட்டிவிடுவதுபோல ஸ்பானிஷிலும் ‘நான்’, ‘நீ’ சொல்லாமலே வாக்கியம் நடக்கும். உயிரொலிகள் ஐந்துதான், எழுதியதை அப்படியே வாசிக்கலாம். ஆனால் மேசைக்கும் கதவுக்கும் ஆண்பால் பெண்பால் பார்ப்பதும், ஆசை, சந்தேகம், வேண்டுகோள் வந்தால் வினையின் வடிவமே மாறுவதும் எங்கள் வகுப்பில் எல்லோரையும் அழவைக்கும் இடங்கள்.

மட்டத்தை நிரூபிக்க இரண்டு தேர்வுகள் உண்டு. ‘டெலே’ ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பெயரில், அந்நாட்டு அரசின் மொழி, பண்பாட்டு அமைப்பான செர்வாந்தேஸ் நிறுவனம் நடத்துவது. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. வாசிப்பும் எழுத்தும் ஒரு பகுதி, கேட்பதும் பேசுவதும் இன்னொரு பகுதி. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 எடுக்காவிட்டால் மொத்தமும் போச்சு. ஒன்றில் 45 எடுத்து மற்றதில் 28 எடுத்தாலும் தேர்ச்சி இல்லை. ‘சியேலே’ கணினியில் எழுதுவது, 1000 புள்ளிகளுக்குக் கணக்கிட்டு உங்கள் மட்டத்தைச் சொல்லும், முடிவு சீக்கிரம் வரும். சலமான்கா, மெக்சிகோவின் உனாம், புவனோஸ் ஐரெஸ் ஆகிய பல்கலைக்கழகங்களும் செர்வாந்தேஸோடு சேர்ந்து அதை நடத்துகின்றன. அந்தச் சான்றுக்குக் காலவரம்பு உண்டு. எம்.ஏ. தான் இலக்கு என்றால் நான் டெலேயைத்தான் எழுதச் சொல்வேன்.

ஜெர்மன் படிக்கிறவர்களுக்குக் கோவையிலேயே கெதே மையம் இருக்கிறது. ஸ்பானிஷுக்கு அந்த வசதி இல்லை. செர்வாந்தேஸ் நிறுவனம் இந்தியாவில் டெல்லி ஹனுமான் ரோட்டில்தான். ஆன்லைன் வகுப்புகளால் இந்தக் குறை இப்போது பாதி தீர்ந்திருக்கிறது. இக்னோவின் ஸ்பானிஷ் சான்றிதழ் படிப்பும் ஆரம்பத்துக்கு மலிவான வழி. ஆனால் அது எம்.ஏ. வாசல் வரை கொண்டுபோய் விடாது.

பிளஸ் டூ முடித்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால் ஒரு வார்த்தை. ஜே.என்.யு., இஃப்லு (ஹைதராபாத்தின் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம்), டெல்லியின் ஜாமியா மில்லியா ஆகியவற்றில் ஸ்பானிஷ் பி.ஏ. இருக்கிறது. எழுத்துக்கூடத் தெரியாமல் சேரலாம், ஆரம்பத்திலிருந்து சொல்லித்தருவார்கள். டேராடூனில் டூன் பல்கலைக்கழகத்தில் ஒருங்கிணைந்த எம்.ஏ.வாகவும் உண்டு. உங்களுக்கு இந்தக் கட்டுரையின் மீதி தேவையில்லை. அங்கே போய்ச் சேருங்கள்.

டெல்லி, ஹைதராபாத்

டெல்லியில் ஜே.என்.யு.வின் மொழிப் பள்ளிக்குள் ஸ்பானிஷ், போர்ச்சுகீசு, இத்தாலியம், லத்தீன் அமெரிக்க ஆய்வுகளுக்கென்று ஒரு மையமே இருக்கிறது. டெல்லி பல்கலைக்கழகத்தின் ஜெர்மானிய, ரோமானிய மொழிகள் துறையில் ஹிஸ்பானிக் ஆய்வுகளில் எம்.ஏ. உண்டு. ஹைதராபாத்தின் இஃப்லுவிலும் எம்.ஏ. ஸ்பானிஷ் நடக்கிறது. எல்லாமே இரண்டு வருடம். ஜே.என்.யு.வுக்கு க்யூட் பி.ஜி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதில் ஸ்பானிஷுக்குத் தனித்தாள் இருக்கிறது. பி.காம். அல்லது ஆங்கில இலக்கியம் முடித்தவர்கள், ஸ்பானிஷில் அதற்கு ஈடான தேர்ச்சி இருக்கிறது என்பதை டிப்ளமோ, அட்வான்ஸ்டு டிப்ளமோ போன்ற சான்றுகளால் காட்ட வேண்டியிருக்கும். எந்தச் சான்று செல்லும் என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் வரிக்கு வரி படியுங்கள். இந்த ஒரு வரியைச் சரியாகப் படிக்காமல் ஒரு வருடம் போனவர்கள் உண்டு.

பணக்கணக்கு இங்கே யாரையும் பயமுறுத்தாது. ஜே.என்.யு.வில் கல்விக் கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். மெஸ், ஹாஸ்டல், போக்குவரத்து எல்லாம் சேர்த்தாலும், ஹாஸ்டல் கிடைத்துவிட்டால், இரண்டு வருடத்தையும் இரண்டு லட்சத்தை ஒட்டி முடித்துவிடலாம் என்பது என் கணிப்பு. கேரளா எக்ஸ்பிரஸ் கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வழியாகவே டெல்லி போகிறது. சபரியில் ஏறினால் மறுநாள் செகந்திராபாத். பெண்ணைத் தூரமாக அனுப்பத் தயங்குகிற வீடுகளில் இந்த இரண்டாவது வண்டிதான் பல நேரம் முடிவு செய்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஹைதராபாத் கோவைப் பிள்ளைக்குச் சட்டென்று ஒத்துப்போகிற ஊர்.

டெல்லிக்கென்று ஒரு தனி லாபம் இருக்கிறது. செர்வாந்தேஸ் நூலகமும் அங்கே போடும் படங்களும் பக்கத்தில். ஸ்பானிஷ் பேசும் பல நாடுகளின் தூதரகங்களும் அங்கேதான், அவர்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்குப் போனால் அர்ஜென்டினாக்காரர் பேச்சும் கொலம்பியாக்காரர் பேச்சும் காதில் விழும். வெளிநாடு போகாமல் இந்த அளவு காதுப் பயிற்சி வேறெங்கும் கிடைக்காது.

இந்திய எம்.ஏ.வின் பெரிய பலம் பிறகுதான் தெரியும். கல்லூரி ஆசிரியர் பணிக்கான யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வில் ஸ்பானிஷ் ஒரு பாடம். எம்.ஏ.வில் 55 சதவீதம் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) இருந்தால் எழுதலாம். அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு மாணவர் தகுதி கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. எழுதுகிறவர்கள் தமிழையோ ஆங்கிலத்தையோ விட மிகக் குறைவு. பட்டம் இந்தியப் பட்டம் என்பதால், வெளிநாட்டுப் பட்டத்துக்குக் கேட்கிற ‘இந்தியப் பட்டத்துக்கு ஈடு’ என்ற சமநிலைச் சான்றுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

குறையும் இருக்கிறது. வகுப்பு முடிந்து வெளியே வந்தால் ஹிந்தியும் தெலுங்கும்தான். பேச்சுத் தயக்கம் போக இரண்டு வருடமும் சொந்தமாக மெனக்கெட வேண்டும். கொங்கு மண்டலத்துக் கல்லூரிகளில் ஸ்பானிஷுக்கென்று நிரந்தரப் பணியிடம் அரிதிலும் அரிது. “படிச்சுட்டு வந்து நம்ம ஊர்லயே லெக்சரர் ஆயிடலாமுங்க” என்று நினைக்கிறவர்கள் அந்த நினைப்பை இப்போதே விட்டுவிடுவது நல்லது. மணிக்கணக்குச் சம்பளத்தில் வகுப்பு கிடைக்கும், அதில் குடும்பம் நடத்த முடியாது.

ஸ்பெயின்

ஏஜென்ட்கள் தெளிவாகச் சொல்லாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் ‘மாஸ்டர்’ என்ற பெயரில் இரண்டு வகைப் பட்டங்கள் விற்பனையில் இருக்கின்றன. ஒன்று ‘மாஸ்டர் உனிவெர்சிதாரியோ’, அரசு அங்கீகாரம் பெற்ற அதிகாரபூர்வப் பட்டம். பட்டத் தாளில் அரசரின் பெயரால் ரெக்டர் வழங்குவதாக எழுதியிருக்கும். முனைவர் படிப்புக்குப் போகலாம். மற்றொன்று பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொறுப்பில் கொடுக்கும் ‘தீத்துலோ ப்ரோப்பியோ’. 2021-ல் வந்த அரசாணைக்குப் பிறகு இந்த வகைக்கு ‘மாஸ்டர் தே ஃபொர்மசியோன் பெர்மனென்தே’ என்று பெயர். பாடம் நன்றாகவே இருக்கலாம், பல்கலைக்கழகம் 800 வருடப் பழமை உள்ளதாகக்கூட இருக்கலாம். ஆனால் அதை வைத்து நேராக பி.எச்டி. சேர முடியாது, இந்தியாவில் சமநிலை கேட்டாலும் சிக்கல்தான். எந்தப் படிப்பு எந்த வகை என்பதை ஸ்பெயின் கல்வி அமைச்சகத்தின் பதிவேட்டில் பெயரைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். பிரசுரத்தில் போட்டிருக்கும் பழைய கட்டடத்தின் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

இந்த இரண்டில் அதிகாரபூர்வமானதைத்தான் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு விதிவிலக்கு ஒரே ஒரு ஆள்: ஏற்கெனவே எம்.ஏ. வைத்திருந்து, பள்ளியில் ஸ்பானிஷ் சொல்லித்தருபவர், கோடையில் போய்த் தன் திறமையைக் கூட்டிக்கொள்ள நினைப்பவர். அவருக்குப் பட்டத்தின் வகை முக்கியமில்லை.

அதிகாரபூர்வ எம்.ஏ. பொதுவாக 60 கிரெடிட், ஒரு கல்வியாண்டு. ஒரு கிரெடிட் என்றால் வகுப்பும் வீட்டு உழைப்புமாக 25 மணி நேரத்துக்குக் குறையாது. கடைசியில் ஓர் ஆய்வேடு எழுதி, குழு முன்னால் வாதிட வேண்டும். நம் மூன்று வருட பி.ஏ., பி.காம். போதுமா என்று கேட்பார்கள். இந்தியாவில் முதுகலையில் சேர அந்தப் பட்டம் தகுதி தருகிறது என்பதால் அங்கேயும் ஏற்கலாம், முடிவு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். என்ன பாடம் என்பதிலும் இரண்டு வழி. ஒன்று மொழியியலும் இலக்கியமும்: 16, 17-ஆம் நூற்றாண்டுப் பொற்காலம், 1927 தலைமுறைக் கவிஞர்கள், லத்தீன் அமெரிக்க நாவல். மற்றொன்று ஸ்பானிஷை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி. சம்பளத்தை நினைத்துப் படிக்கிறவருக்கு இரண்டாவதுதான் கைகொடுக்கும். இந்தியாவின் ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலாரியட்) பள்ளிகளில் ஸ்பானிஷ் ஒரு பாடம், ‘அப் இனிசியோ’ என்று ஆரம்ப நிலையிலிருந்தே நடத்துவார்கள். அந்த வேலைக்குக் கற்பித்தல் மாஸ்டர் நல்ல பலம்.

எந்த ஊர்? சலமான்கா 1218-ல் தொடங்கியது, ஸ்பானிஷ் படிக்க வெளிநாட்டார் கூட்டம் கூட்டமாகப் போகிற ஊர். பெயருக்குப் பெயர், மொழிக்கு மொழி. ஆனால் பணத்தை எண்ணிச் செலவழிக்கிற கொங்கு வீட்டுக்கு நான் சொல்வது தெற்கே அண்டலூசியா. கிரனாடா, செவில், மாலகா, கோர்டோபா எல்லாம் அந்த மாநிலத்தில். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலான மாஸ்டர்களுக்கு ஒரு கிரெடிட்டுக்குச் சுமார் 14 யூரோதான் கட்டணம், வருடப் படிப்பு 1,000 யூரோவுக்குள் அடங்கிவிடும். மாட்ரிட்டிலும் கட்டலோனியாவிலும் ஐரோப்பியர் அல்லாதவர்களுக்குக் கட்டணம் இதைப்போலப் பல மடங்கு. தனியார் என்றால் இன்னும் மேலே. பார்சிலோனா போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அங்கே வகுப்புகள் கட்டலான் மொழியிலும் நடக்கும், தெருவிலும் அதுதான் பாதி. ஸ்பானிஷ் படிக்கப் போய் வேறு மொழிக்குள் மாட்டிக்கொள்ள வேண்டாமே. (கிரனாடாவிலும் ஒரு சோதனை உண்டு. சொல்லின் கடைசி ‘ஸ்’ காற்றோடு போய்விடும். பாடப்புத்தக ஸ்பானிஷோடு போனவர்களுக்கு முதல் மாதம் பால் வாங்குவதே பரீட்சை.)

இனி மொத்தச் செலவு. விசாவுக்கு, ‘ஐபிரெம்’ என்ற அளவுகோல்படி மாதம் 600 யூரோ வீதம் பணம் காட்ட வேண்டும், வருடத்துக்கு 7,200. கிரனாடாவில் பகிர்ந்துகொள்ளும் வீட்டில் ஓர் அறை 300 யூரோவை ஒட்டிக் கிடைக்கும். சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து மாதம் 700 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம், மருத்துவக் காப்பீடு, விமானம், ஆவணச் செலவு எல்லாம் கூட்டி, யூரோவை நூறு ரூபாயாக எடுத்தால், பத்து லட்சத்தைத் தாண்டும். மாட்ரிட்டில் தனியார் பல்கலைக்கழகம் என்றால் இருபது லட்சம். கல்விக் கடனில் 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் வாங்க வழி இருக்கிறது. அதற்கு மேலே போனால் வங்கி தோட்டத்துப் பத்திரத்தைக் கேட்கும். மொழிப் படிப்புக்காகத் தோட்டத்தை அடமானம் வைப்பதை நான் எந்தப் பெற்றோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மருத்துவர், இன்ஜினியர் சம்பளம் போல இதில் திருப்பிக் கட்டும் சம்பளம் சீக்கிரம் வராது.

“அங்கே பார்ட் டைம் பார்த்துச் சமாளிச்சுக்கலாம்” என்ற கணக்கு வேறு. வாரம் 30 மணி நேரம் வரை வேலை செய்ய மாணவர்களுக்கு அனுமதி உண்டு, உண்மைதான். ஆனால் விசா நேர்காணலில் அந்தச் சம்பளத்தைக் காட்ட முடியாது. ஒரே வருடத்தில் 60 கிரெடிட்டும் ஆய்வேடும் முடிக்க வேண்டியவர் வாரத்துக்கு 30 மணி நேரம் தட்டு கழுவினால் படிப்பு எங்கே நிற்கும்? குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் வேலை கிடைத்தால் கைச்செலவுக்கு ஆகும். அவ்வளவுதான்.

உதவித்தொகைப் பட்டியல்களில் ‘கரோலினா அறக்கட்டளை’ என்று ஒரு பெயர் அடிக்கடி வரும். அது லத்தீன் அமெரிக்க நாடுகள் உள்ளிட்ட இபெரோ-அமெரிக்கச் சமூகத்தாருக்கானது, நமக்கு இல்லை. நமக்குத் திறந்திருக்கிற பெரிய வாசல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவித்தொகைத் திட்டமான எராஸ்மஸ் முண்டஸ். கிரனாடா தலைமையில் நடக்கும் ‘ஜெம்மா’ என்ற பெண்ணிய, பாலின ஆய்வு மாஸ்டர் அதில் வந்தது. மொழிப் படிப்பிலிருந்து கொஞ்சம் விலகியது என்றாலும் இலக்கியப் பின்னணி உள்ள பெண்பிள்ளைகள் முயன்று பார்க்கத் தகுந்தது.

காகித வேலையை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். பட்டமும் மதிப்பெண் பட்டியலும் மாநில அரசின் சான்றுக்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அபோஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்லுபடியாவதற்கான) முத்திரை பெற வேண்டும். பிறகு ஸ்பெயின் அரசு அங்கீகரித்த மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிஷாக்க வேண்டும். போலீஸ் சான்றுக்குக் கோவை, திருப்பூர், ஈரோட்டுக்காரர்கள் அவிநாசி ரோட்டுப் பாஸ்போர்ட் அலுவலகம் போனால் போதும், அதற்கும் அபோஸ்டில் வேண்டும். மருத்துவக் காப்பீட்டில் நம் பங்கு கட்டுகிற பாலிசி செல்லாது, முழுதும் ஏற்கிறதாக இருக்க வேண்டும். விசா விண்ணப்பம் சென்னையில் பி.எல்.எஸ். மையத்தில். சேரன் எக்ஸ்பிரஸில் போய்க் காலையில் இறங்கி, வேலை முடித்துத் திரும்பலாம். ஸ்பெயின் போய் இறங்கிய ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

திரும்பி வந்தபின் அந்தப் பட்டம் இந்தியாவில் செல்லுமா? தனியார் கம்பெனிக்கும் ஐ.பி. பள்ளிக்கும் பிரச்சினை இல்லை. கல்லூரிப் பணி, நெட், பி.எச்டி. என்றால் சமநிலைச் சான்று தேவை. யு.ஜி.சி. 2025-ல் வெளியிட்ட விதிகளின்படி அந்த நாட்டில் முறையாக அங்கீகரிக்கப்பட்ட நிறுவனமாகவும், நேரில் வகுப்புக்குப் போய்ப் படித்ததாகவும் இருக்க வேண்டும். மேலே சொன்ன இரு வகைப் பட்ட வித்தியாசம் கடைசியில் வந்து இடிக்கிற இடம் இதுதான்.

இவ்வளவு சொல்லிவிட்டு, ஸ்பெயினில் கிடைப்பதையும் சொல்ல வேண்டும். பேச்சில் வருகிற வேகமும் துணிவும் ஒரு வருடத்தில் ஆளையே மாற்றிவிடும். மதியம் இரண்டரைக்குச் சாப்பாடு, இரவு பத்துக்குக் கூட்டம் கூட்டமாகத் தெருவில் ஜனம், ஊருக்கு ஊர் தேர்த் திருவிழா மாதிரி ஈஸ்டர் வாரத்து ஊர்வலம். பண்பாட்டுத் தாளில் படிப்பது இதைத்தான் என்றாலும் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு அது பாடமாகத் தோன்றாது. சைவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை: பருப்பும் கொண்டைக்கடலையும் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஆனால் ஹோட்டலில் பருப்புக் குழம்புக்குள்ளேயே பன்றிக்கறித் துண்டு கிடக்கும். சமைக்கக் கற்றுக்கொண்டு விமானம் ஏறுங்கள்.

லத்தீன் அமெரிக்காவும் ஆன்லைனும்

கொலம்பியாவின் பொகோட்டாவில், 1942-ல் தொடங்கிய காரோ இ குவெர்வோ என்ற அரசு மொழி ஆய்வு நிறுவனத்தில் ஸ்பானிஷைக் கற்பிப்பதற்கான மாஸ்டர் இருக்கிறது. மெக்சிகோவின் உனாமில் வெளிநாட்டாருக்கென்றே நூறு வருடம் கடந்த மையம் உண்டு. பெங்களூரில் லத்தீன் அமெரிக்க வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் வேலைக்கு அந்தப் பக்கத்துப் பேச்சுதான் கேட்பார்கள் என்பதால் இந்த வழியில் நியாயம் இருக்கிறது. ஆனால் தூரம், விமானக் கட்டணம், வீட்டில் நடக்கிற வாக்குவாதம் எல்லாம் பார்த்தால், உதவித்தொகை கையில் இருந்தால் மட்டும் யோசியுங்கள் என்பேன்.

ஸ்பெயினின் தொலைதூரப் பல்கலைக்கழகமான உனெட், தனியாரான உனீர் போன்றவை ஆன்லைனில் அதிகாரபூர்வ மாஸ்டர் தருகின்றன. ஏற்கெனவே பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியருக்கு ஏற்றது. சமநிலைச் சான்று தேவைப்படுகிறவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

எம்.ஏ.யே வேண்டாம் என்ற வழி

இதை யாரும் ஒரு வழியாக எண்ணுவதில்லை, ஆனால் எங்கள் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் இதுதான் சரி. கோவையில் பி.காம். முடித்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் ஒருவர் பி2 சான்று வாங்கினால், பெங்களூர், சென்னை, ஹைதராபாத்தில் லத்தீன் அமெரிக்கக் கிளைகளின் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் பன்னாட்டு நிறுவனங்களில் இடம் இருக்கிறது. இன்வாய்ஸ், பேமென்ட், சப்ளையரோடு போன் பேச்சு. அங்கே நேர்காணலில் பேச வைத்துப் பார்ப்பார்கள், பட்டம் எது என்று யாரும் துருவ மாட்டார்கள். கணக்குத் தெரிந்தவருக்கு ஸ்பானிஷ் தெரிவதுதான் அங்கே விலை போகிறது. எம்.ஏ. ஸ்பானிஷ் மட்டும் படித்தவரைவிட இவர் முந்திக்கொள்வதும் உண்டு.

திருப்பூர் மெர்ச்சண்டைசருக்குப் பி1 வரை போதும். பையர் ஆபீசிலிருந்து ஆள் வரும்போது சாப்பாட்டு மேஜையில் நாலு வார்த்தை அவர் மொழியில் பேசினால் உறவு இறுகும். அதற்கு வேலையை விட்டுவிட்டு இரண்டு வருடம் டெல்லியில் உட்கார வேண்டாம்.

அப்படியானால் எம்.ஏ. யாருக்கு? கற்பிக்க விரும்புகிறவருக்கு, ஆய்வு செய்ய விரும்புகிறவருக்கு, மொழிபெயர்க்க விரும்புகிறவருக்கு. கடைசியாகச் சொன்னதில் எனக்குத் தனி ஆசை உண்டு. ஸ்பானிஷ் எழுத்துகள் தமிழுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஆங்கிலம் வழியாக வந்தவை. நேராக ஸ்பானிஷிலிருந்து தமிழுக்குக் கொண்டுவருகிறவர்களை விரல் விட்டு எண்ணலாம். அர்ஜென்டினா அரசு ‘ப்ரோகிராமா சூர்’ என்ற திட்டத்தில் தன் நாட்டு எழுத்துகளைப் பிறமொழியில் போடும் பதிப்பகங்களுக்கு 2009-ல் உதவி தரத் தொடங்கியது. ஸ்பெயினிலும் இப்படி மானியங்கள் உண்டு. வயிற்றுப்பாட்டுக்கு வேறு வேலை வைத்துக்கொண்டு செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் அந்தக் காரியத்துக்கு வகுப்பறையில் இரண்டு வருடம் இலக்கியத்தோடு மல்லுக்கட்டிய பழக்கம் இல்லாமல் முடியாது.

ஆகவே என் வரிசை இப்படி. ஏ2-ல் நிற்கிறவர், அது கோபியானாலும் பொள்ளாச்சியானாலும், எந்த எம்.ஏ. விண்ணப்பத்தையும் இந்த வருடம் தொடவேண்டாம், பி2-ஐ முடிக்கட்டும். பி2 இருந்து கல்லூரிப் பணி, பி.எச்டி. என்று போகிறவருக்கு இஃப்லு அல்லது ஜே.என்.யு. ஐ.பி. பள்ளியில் ஆசிரியராக வேண்டும், வீட்டில் கடன் இல்லாமல் பத்துப் பன்னிரண்டு லட்சம் எடுக்க முடியும் என்றால் அண்டலூசியாவில் கற்பித்தல் மாஸ்டர். பணமும் வயதும் இரண்டுமே அனுமதித்தால் இங்கே எம்.ஏ. முடித்துவிட்டு ஸ்பெயினுக்கு முனைவர் படிப்புக்கோ குறுகிய படிப்புக்கோ போவதுதான் எல்லாவற்றிலும் நிறைவான வழி. இந்தியப் பட்டம் கையில் இருப்பதால் ஸ்பெயினில் என்ன படித்தாலும் நஷ்டமில்லை.

நாள் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். அண்டலூசியாவின் எல்லா அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே விண்ணப்பத் தளம். வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான முதல் கட்டம் மற்றவர்களுக்கு வெகு முன்னதாகவே, படிப்பு தொடங்கும் செப்டம்பர், அக்டோபருக்குப் பல மாதம் முன்பே திறந்து மூடிவிடும். க்யூட் பி.ஜி. விண்ணப்பமும் கிட்டத்தட்ட அதே பருவத்தில் வரும். அபோஸ்டில் வேலையைத் தீபாவளி முடிந்ததும் ஆரம்பித்துவிட்டால் இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். இரண்டிலும் இடம் கிடைத்து, எதை விடுவது என்று குழப்பம் வந்தால், வங்கிக் கடன் இல்லாமல் போகக்கூடியது எதுவோ அதில் சேருங்கள்.